இரண்டாம் கட்டு

ஒரு வார்த்தைக்காகக் கானாடுகாத்தான் வரை போனேன் என்று சொன்னால் என் அண்ணன் சிரிப்பான். ஆனால் அதுதான் நடந்தது.

2024 மழைக் காலத்தில் ஒரு பயணக் கட்டுரையைத் தமிழாக்கித் தரும் வேலை வந்தது. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், மத்திய காலத்து மலை ஊர் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மாளிகையைப் பற்றியது. எழுதியவர் அங்கே ஒரு வாரம் தங்கியிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஆலிவ் தோப்பு, தூரத்தில் கல் கோபுரங்கள், காலடியில் பல நூறு வருஷத்துச் செங்கல் தரை. முதல் வரியிலேயே அந்த மாளிகைக்கு 'ரெஸ்டோர்ட்' என்று ஒரு அடைமொழி போட்டிருந்தார். நான் அங்கேயே சிக்கிக்கொண்டேன்.

'புதுப்பிக்கப்பட்ட' என்றால் டிரைவிங் லைசென்ஸ் ஞாபகம் வருகிறது. 'பழுது பார்க்கப்பட்ட' என்றால் மிக்ஸி. 'மீட்கப்பட்ட' என்றால் அடகுக் கடையிலிருந்து திரும்பிய வளையல். கோயிலாக இருந்தால் 'திருப்பணி' என்று அழகாகச் சொல்லிவிடலாம். மனிதர்கள் குடியிருந்த வீட்டுக்கு அது பொருந்தாது. கடைசியில் 'மறுசீரமைக்கப்பட்ட' என்று தட்டினேன். உடனே கை நின்றது. அதே வாரம் ஒரு செய்தி மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்லைத் தட்டியிருந்தேன். 'தாராவி மறுசீரமைப்புத் திட்டம்.'

ஒரு மாளிகையை ஆணி ஆணியாகக் காப்பாற்றுவதற்கும், ஒரு குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்கும் ஒரே சொல். தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு இது உறுத்தாதா? அதுவும் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிப் பாடங்களைத் தாராவி வீட்டுப் பரணில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தவளுக்கு?

கட்டுரையைத் தொடர்ந்து படித்தேன். ஆசிரியர் தங்கிய அறை மாளிகையை ஒட்டிய பண்ணை வீட்டில் இருந்தது. முன்பு அது மாட்டுக் கொட்டிலாம். டஸ்கனியின் பண்ணை வீடுகளில் கீழே மாடுகளும் மேலே குடியானவர் குடும்பமும் இருப்பதுதான் வழக்கம். நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு, விளைச்சலில் பாதிப் பாதி. நம் ஊர் வார சாகுபடி போன்றதுதான். 'மெத்ஸாத்ரியா' என்பார்கள். 1950, 60களில் குடியானவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். 1964-இல் இத்தாலிய அரசு புதிதாக அத்தகைய ஒப்பந்தங்கள் போடுவதைத் தடை செய்தது. வீடுகள் காலியாகிக் கூரைகள் விழுந்தன. பிறகு வசதியுள்ள வெளிநாட்டார் வந்து வாங்கினார்கள். பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கென்றே 1985-இல் ஒரு சட்டமும் வந்தது.

கட்டுரையில் ஆலிவ் எண்ணெய்க்கு இரண்டு பத்தி இருந்தது. கொட்டிலுக்கு மேலே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. அங்கேதான் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயது வரை செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் இருந்தவள். இருந்தவள் என்றால், வேலைக்கு இருந்தவள். அவளுடைய அப்பத்தா அந்த வீட்டு அடுப்படியில் மாவாட்டிக்கொண்டிருந்தார். 1961-இல் பேத்தியையும் கையோடு கூட்டிப் போனார். 1969-இல் அம்மாவுக்குக் கல்யாணம். அடுத்த வருஷம் பம்பாய். அன்றிலிருந்து தாராவிதான். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவாள். விடியுமுன் அப்பா அதை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, சயான், தாதர் என்று போவார். அண்ணனும் நானும் படித்தது அந்த மாவில்.

செட்டியார் வீட்டு எட்டு வருஷத்தைப் பற்றி அம்மா பேசியதே இல்லை என்று சொல்லலாம். மாவின் பதம் பற்றிப் பேச்சு வந்தால் "ஆச்சி வீட்டுல..." என்று தொடங்குவாள். பிறகு வேறு எதற்கோ தாவிவிடுவாள். அவமானம், அதனால் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அந்த முடிவோடு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் விட்டேன்.

"அங்கன போயி எங்க தங்குறது?" என்றாள், நான் விஷயத்தைச் சொன்னதும்.

"செட்டியார் வீட்டுலதாம்மா. ஹோட்டலா மாத்தியிருக்காங்க. காசு குடுத்துத் தங்கலாம்."

"நாம காசு குடுக்கணுமா, அந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் செம்பூருக்குப் போன் செய்து, எந்தத் தேதி என்று விசாரித்தாள்.

2025 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். தாதரிலிருந்து சென்னை, எழும்பூரில் பல்லவன், ராத்திரி காரைக்குடி. ஒரு லாட்ஜில் தூங்கி எழுந்து, காலையில் வாடகைக் கார் பிடித்தோம். கானாடுகாத்தானுக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

மும்பைக்காரர்களுக்கு முதலில் புலப்படுவது தெருவின் அகலம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். ஒவ்வொரு வீடும் தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நகரத்தாரின் நம்பிக்கை; கடல் கொண்ட ஊரின் நினைவில்தான் இப்படி உயரமாகக் கட்டுகிறார்கள் என்று சொல்வார்கள். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். இரண்டு தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரே வீடு. முன்பு 96 ஊர்களில் இப்படி வாழ்ந்தவர்கள், இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்களில் இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்களுடைய பூட்டுகள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையைத் தாண்டி, நாங்கள் தங்க வேண்டிய தெருவுக்குள் கார் திரும்பியது. அம்மா முன்சீட்டைத் தட்டினாள்.

"அடுத்த தெருவுல விடுப்பா."

"வாசல் இந்தத் தெருவுலதாம்மா" என்றார் டிரைவர்.

"தெரியும்ப்பா. நீ பின்னாடி தெருவுல விடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். "சரி, இங்கனயே நிப்பாட்டு" என்று இறங்கினாள். செருப்பை முதல் படியிலேயே கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஓட்டலில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், பக்கத்து ஊர்க்காரன், இருபது வயதிருக்கும், தட்டில் இளநீரோடு ஓடிவந்தான்.

"வாங்க ஆச்சி. பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். செட்டிநாட்டில் ஆச்சி என்றால் வீட்டுக்கு உடையவள். அந்த வார்த்தையைத் தினமும் நூறு தடவை சொன்னவள், தன்னை நோக்கி முதல் தடவையாகக் கேட்கிறாள். பதிலே சொல்லாமல் இளநீரை எடுத்துக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி இருந்தார். எங்களோடு ஒரு பிரெஞ்சுத் தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். செட்டிநாட்டைப் பற்றி வெளியே பேசவைத்ததில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்குண்டு. இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் கோத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டைச் சீர்செய்து விருந்தினர் இல்லமாக்கினார்கள். இந்த ஊர்களின் பெருமையை உலகுக்குச் சொல்லவும் பாடுபட்டார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. அதற்கும் முன்பே, 1999-இல், காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி திறந்து, செட்டிநாட்டுச் சாப்பாட்டை இலை போட்டு வெளியூராருக்குப் பரிமாறத் தொடங்கியிருந்தது.

வழிகாட்டி முறையாகத்தான் காட்டினார். முகப்பு. அங்கே ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பார்கள். கஜலட்சுமி செதுக்கிய நிலைக்கதவு. அதைத் தாண்டினால் வளவு; வானம் தெரியும் முற்றம், நான்கு புறமும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனியாக அறை, தனியாகக் கணக்கு, ஆனால் ஒரே கூரை. கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து அண்டாக்களில் சேரும். மிஞ்சியது தெருவோரக் கால்வாய் வழியே ஊரணிக்குப் போகும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து. கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. தரை மட்டும் பக்கத்து ஊர், ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்வது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும்.

"நடக்க நடக்க இல்ல. தேய்க்கத் தேய்க்க" என்று அம்மா என் காதோடு சொன்னாள்.

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. வழுவழுவென்று சில்லிட்டது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது என்றார். பிரெஞ்சு அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை பெரிய வீட்டுச் சுவருக்கு ஆயிரக்கணக்கில் முட்டை வேண்டியிருக்குமே, மஞ்சள் கருவையெல்லாம் என்ன செய்தார்கள்? வழிகாட்டிக்குத் தெரியவில்லை. நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வேலைக்காரவுக வீட்டுக்குப் போச்சு" என்றாள் அம்மா, இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. "எங்க அப்பத்தா சொல்லும். அதுக்குச் சின்ன வயசுல அந்த வீடு கட்டினாகளாம். அந்த வருசம் பூராவும் மஞ்சக்கருக் கொழம்புதானாம். இன்னி வரைக்கும் முட்டைன்னா கொமட்டுதுன்னு சொல்லும்."

இதை இங்கிலீஷில் சொன்னேன். பிரெஞ்சு அம்மாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். வழிகாட்டியும்தான். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு கட்டிலும் சொல்லி முடித்ததும் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

இந்தப் பளபளப்புக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்தார் பர்மாவின் டெல்டா நிலத்தில் நெல் விளைவிக்கும் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மியர்களின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் பேரில் இருந்தது. அங்கே பகை வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1948-இல் நில உடைமையைத் தேசியமயமாக்கும் சட்டம். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் வங்கிகளும் கடைகளும்கூடப் போயின.

மொழிபெயர்த்த கட்டுரையில் சான் ஜிமிஞானோ என்ற ஊர் வந்தது. அங்கேயும் வட்டிக்கும் வியாபாரத்துக்கும் பேர் போன குடும்பங்கள், ஒருவரை ஒருவர் மிஞ்சும்படி கோபுர வீடு கட்டின. 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள், 14 எஞ்சியிருக்கின்றன. 1348-இல் பிளேக் வந்தது. ஊர் நொடித்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழையது அப்படியே நின்றது. இன்று அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. செட்டிநாட்டுக்கும் அதுவே நடந்தது. வசதி இருந்திருந்தால் இந்த வீடுகளில் பாதியை 1970களிலேயே கான்கிரீட் ஆக்கியிருப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்காளிகள். சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் நாலு பேர். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கவோ பழுது பார்க்கவோ முடியும். ஒரு கையெழுத்து வராத வீடுகள் மழையில் கரைகின்றன. வந்த வீடுகள் ஓட்டலாகின்றன, அல்லது தூண் தூணாகக் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்தோம். அம்மா வழிகாட்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். இது அவள் வேலை பார்த்த வீடு அல்ல. அது நாலு ஊர் தள்ளி. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். இங்கே சாப்பாட்டுப் பந்தி, இது சாமான் அறை, இந்த மூலையில் தயிர் கடையும் தூண் என்று கையை நீட்டிக்கொண்டே போனாள். எல்லாம் சரியாக இருந்தது. அடுப்படி முற்றத்தில் சட்டென்று நின்றாள்.

ஆட்டுக்கல் இருந்தது. குழவியை எடுத்துவிட்டு, குழியில் தண்ணீர் நிரப்பி, மேலே செவ்வரளியும் நந்தியாவட்டையும் மிதக்கவிட்டிருந்தார்கள்.

"ஆட்டுக்கல்லுல பூவப் போட்டு வச்சிருக்கான் பாரு" என்று சிரித்தாள். பூவை ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் கையை விட்டுத் தடவினாள். "நல்லாத் தேஞ்ச கல்லு. ரொம்பப் பேரு ஆட்டியிருக்காக."

அவளும் அப்பத்தாவும் படுத்துத் தூங்கிய இடம், அவர்கள் வீட்டில், இதே கல்லுக்குப் பக்கத்தில் இருந்த தாழ்வாரம். இங்கே அந்தத் தாழ்வாரத்தில் எண்ணெய் மசாஜ் செய்யும் அறை. மூங்கில் தட்டி, ஊதுபத்தி, மெல்லிய வீணை இசை. அம்மா எட்டிப் பார்த்தாள். "இங்கனயும் படுக்கத்தான் வக்கிறாக" என்றாள்.

எங்கள் அறை வளவில் இருந்தது. முன்பு ஏதோ ஒரு மகனுக்கு ஒதுக்கிய அறை. பர்மா தேக்கில் நாலு தூண் கட்டில், கொசுவலை, பளிங்கு மேஜை. வாடகை எவ்வளவு என்று கேட்டாள். ஆயிரம் ரூபாய் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை, நேராகப் போய் இளநீர்ப் பையனிடம் கேட்டுவிட்டு வந்தாள். எட்டாயிரம்.

"நான் வித்தப்ப ரூவாய்க்கு மூணு இட்லி" என்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். "எட்டாயிரத்துக்கு இருபத்தி நாலாயிரம் இட்லி. நாளைக்கு நானூறுன்னு வச்சாலும் ரெண்டு மாசம். ரெண்டு மாசம் ராத்திரி முழிச்சது இங்க ஒரு ராத்திரி தூங்கறதுக்கு."

கட்டிலில் படுக்கமாட்டாள், கீழே தலைப்பை விரித்துக்கொள்வாள், நான் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கதைகளில் அப்படித்தானே வரும்? அம்மா ஒன்பதரை மணிக்குக் கட்டிலில் ஏறி, நடுவில் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். "காசு குடுத்தாச்சுல்ல" என்பது தூங்குமுன் அவள் சொன்ன கடைசி வார்த்தை. தூக்கம் வராமல் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தது நான்தான்.

மறுநாள் அவள் வேலை பார்த்த ஊருக்குப் போனோம். ஊர் பெயரும் குடும்பத்தின் பெயரும் வேண்டாம். வீடு இருந்த இடத்தில் கருவேல மரங்கள் நின்றன. இரண்டு தெருவையும் தொட்டுக்கொண்டு கிடந்த வெற்று மனை. முன்பக்கம் படிக்கல் நாலு மிச்சம். அம்மா அதைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போய், கிணற்றடியில் நின்றாள். கிணறு மட்டும் முழுசாக இருந்தது.

அங்கே நின்றபடிதான் சொன்னாள். நான் கேட்காமலே.

"பர்மாவுலேருந்து பெரியவுக ஒரே ஒரு தகரப் பெட்டியோட வந்தாக. நான் பன்னண்டு வயசுப் பிள்ள. அதுக்கப்புறம் ஆச்சி வீட்டுச் சாமானெல்லாம் இந்த வாசல் வழியாத்தான் போச்சு. ராத்திரியில. ஏவாரி வண்டியோட வந்து நிப்பான். நானும் அப்பத்தாவும் தூக்கிட்டு வந்து குடுப்போம். வெள்ளித் தட்டு, பித்தள அண்டா, பீங்கான் சாடி. முன் வாசல்ல வழக்கம் போல வெளக்கு எரியும். ஊருல யாருக்கும் தெரியாது. மாப்பிள்ள வீட்டுக்குக்கூடத் தெரியாது. 'யாருக்கும் சொல்லக்கூடாது'ன்னு ஆச்சி எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. கையில அடிச்சு வாங்கிச்சு."

"அதனாலதான் நீ ஒண்ணும் பேசறதே இல்லையா?"

"சத்தியம்ல."

அறுபது வருஷம். அந்த ஆச்சி இறந்து, வீடு இடிந்து, மனையில் மரம் வளர்ந்த பிறகும் பம்பாயில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து அம்மா அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதை அவமானம் என்று நான் மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.

கடைசி மூன்று வருஷம் சம்பளம் வரவில்லையாம். நெல்லும் குறைந்துவிட்டதாம். அப்பத்தா மட்டும் போகமாட்டேன் என்று இருந்திருக்கிறார். அம்மாவுக்குக் கல்யாணம் என்றதும் ஆச்சி சாமான் அறையைத் திறந்து, மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்து, பின்வாசலில் வைத்து அவள் கையில் கொடுத்தாராம். அடி கனத்த பித்தளை இட்லிப் பானை. சம்பளத்துக்கு ஈடு என்று சொல்லவில்லை. சீர் என்றும் சொல்லவில்லை. "பொழச்சுக்க" என்றாராம்.

அந்தப் பானையை எனக்குத் தெரியும். அதன் கழுத்தில் வெட்டிய எழுத்துகளை எண்ணெய் விளக்கில் தடவித் தடவித்தான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன். செட்டிநாட்டில் ஒவ்வொரு பாத்திரத்திலும் குடும்பத்தின் முதலெழுத்துகளை வெட்டிவைப்பது வழக்கம். பழைய பாத்திரக் கடையில் வாங்கியது என்று அம்மா சொல்லியிருந்தாள். தாராவியில் எங்களைப் பிழைக்கவைத்தது அதுதான். அந்த வீட்டில் எஞ்சியது நாலு படிக்கல்லும் ஒரு கிணறும் மட்டும் இல்லை. ஒரு துண்டு 90 அடி ரோட்டுப் பரணில் இருக்கிறது.

அந்த ஆச்சியை நல்லவராக்க நான் இதை எழுதவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணை மாவாட்ட வைத்த வீடு அது. மூன்று வருஷச் சம்பளம் பாக்கி வைத்த வீடு. அம்மாவுக்கும் அந்தக் கணக்கு தெரியும். "பானைக்கு மேலயும் பாக்கி இருக்கு" என்றாள், காரில் ஏறும்போது. ஆனாலும் கிணற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து வாசல் இருந்த இடத்தில் தெளித்துவிட்டுத்தான் ஏறினாள்.

ஓட்டலில் விடைபெறும்போது வழிகாட்டி அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதிக்கொண்டார். சாமான் அறையில் எது எங்கே இருக்கும், கல்யாணத்துக்கு எத்தனை பேர் மாவாட்டுவார்கள், வேலைக்காரர்களுக்கு எந்த நேரத்தில் சோறு. நல்ல காரியம். முகப்பைப் பற்றிச் சொல்ல அவரிடம் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாம் கட்டைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

மும்பை திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். கணக்கெடுப்புக்காரர்கள் வந்து அளந்து, கதவுக்குப் பக்கத்தில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று இருந்தால் 350 சதுர அடியில் இலவசமாக ஒரு வீடு என்பது திட்டம். அண்ணன் ரேஷன் கார்டையும் பழைய ரசீதுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். எங்கள் அறையைவிட அது மூன்று மடங்கு பெரியது. தனிக் கழிப்பறை உண்டு. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வரிசையில் நின்று தண்ணீர் பிடித்ததை அழகு என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

அம்மாதான் கேட்டாள். "அங்க அந்தத் தம்பி எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரே, எது எங்க இருந்துச்சுன்னு. இங்க வந்தவுக நீளம் அகலம் மட்டும் எழுதிக்கிட்டுப் போயிட்டாக."

நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு செவ்வகம் போட்டேன். கதவு. எதிர்ச் சுவரில் அடுப்பு. பக்கத்தில் கிரைண்டர், 1988 வரை அங்கே ஆட்டுக்கல். அப்பாவின் சைக்கிள் சாய்ந்து நின்ற சுவர். நான் படித்த பரண். அண்ணன் பிறந்த மூலை. அம்மா கட்டிலிலிருந்தே திருத்தங்கள் சொன்னாள். முற்றமும் வளவும் இல்லாத வீடு. மொத்தமுமே இரண்டாம் கட்டு.

இத்தாலிக் கட்டுரையில் அந்தச் சொல்லுக்கு என்ன போட்டேன் என்று சொல்ல வேண்டும். கானாடுகாத்தானில் முதல் நாள் காலை முகப்பில் நின்றபடி அம்மா, "நல்லாத் தூக்கி நிறுத்தியிருக்காக" என்று சொன்னாள். அதையே எடுத்துக்கொண்டேன். 'விழுந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்திய மாளிகை.' தாராவிச் செய்திகளுக்கு இன்னும் 'மறுசீரமைப்பு' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

தாளை மடிக்கப் போனேன். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"இட்லிப் பானை வச்ச எடத்த எழுதினியா?"